இடுப்பில் செருகிய ஆன்டெனா

பர்லியாரைத் தாண்டி ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எத்தனையாவது வளைவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்கச் சொல்லி என் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. எனக்கு ஆன்டெனா வருகிற மாதிரி இருந்தது.

என் மடியில் ஒரு காலித் தீப்பெட்டி. கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு, அந்தத் தீப்பெட்டி அளவுக்குள் ஒரு ரேடியோவை அடைப்பது எப்படி என்று மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சிப் நகத்தளவு. பேட்டரி ஒரு நாணயத்தளவு. உள்ளே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது ஆன்டெனா மட்டும்தான்.

அதன் அடத்துக்குக் காரணம் உண்டு. ரேடியோ அலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் இருக்கிறது. எங்கள் கருவி பேசும் அலையின் நீளத்தில் கால் பங்கு என்பது எட்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆன்டெனாவின் செம்புத் தடமும் ஏறக்குறைய அந்த நீளம் இருந்தால்தான் அலை வரும்போது அதுவும் சேர்ந்து ஆடும். தீப்பெட்டியோ ஐந்து சென்டிமீட்டர்.

பஸ் மூச்சு வாங்கித் திரும்பியது. ஜன்னல் வழியே பார்த்தால், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் நாங்கள் வந்த ரோடு நேர் கீழே கிடந்தது. அதற்கும் கீழே இன்னொரு மடிப்பு. அதில் ஒரு லாரி எங்களைப் பார்த்து வருகிற மாதிரி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. இந்த ரோட்டை நேராகப் போட்டிருந்தால் இந்த மலையில் அடங்கியிருக்காது.

"மடிச்சுட்டாப் போச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எதைம்மா மடிக்கணும்? முதல்ல ஒரு கவர் இருந்தாக் குடு" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

கொடுத்தேன். நல்ல கவர். அதில் இருந்த இரண்டு சர்க்யூட் பலகைகளைத் தீப்பெட்டியோடு சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டே குன்னூர் வரை வந்தேன்.

சித்தப்பாவின் போன்

மடித்த ஆன்டெனா உலகத்துக்குப் புதிதில்லை. என் கல்லூரிப் புத்தகத்திலேயே படம் போட்டிருந்தது. பரீட்சைக்கு வராது என்று தாண்டிப் போயிருந்தேன். படித்தபோது ஏறாதது பஸ்ஸில் ஏறியது.

இன்னும் வெட்கக்கேடு என்னவென்றால், ஆறேழு வயதிலேயே அதைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கூடலூரில் ஜீப் ஓட்டிய என் சித்தப்பாவிடம் ஒரு பழைய செல்போன் இருந்தது. தலையில் கட்டைவிரல் மாதிரி ஒரு குட்டை ஆன்டெனா. அவர் குளிக்கப் போன நேரத்தில் அதைத் திருகித் திருகிக் கழற்றினேன். உள்ளே பேனா ஸ்பிரிங் போல ஒரு சுருள் கம்பி. இழுத்துப் பார்த்தேன். நீண்டுகொண்டே வந்தது. திரும்ப உள்ளே போகவே இல்லை.

சித்தப்பா அடிக்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இனி டார்ச்சுக்கு மட்டும்தான் ஆகும்" என்றார். அது டார்ச்சுக்கும் ஆகவில்லை என்பது வேறு கதை. நீளமான ஒன்றைச் சுருட்டிக் குட்டையாக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்கே என் கையில் இருந்திருக்கிறது. தலைக்குப் போக இத்தனை வருஷம்.

மடிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்துப் பக்கத்து மடிப்புகளில் மின்சாரம் எதிரெதிர்த் திசையில் ஓடும். ரொம்ப நெருக்கி மடித்தால் ஒன்று செய்வதை இன்னொன்று அழித்துவிடும். தள்ளி மடித்தால் இடம் போதாது. இந்த இழுபறியில் ஏழு பலகைகள் வீணாயின. எட்டாவது பேசியது. பந்தலூர் பஜாரில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிற எங்கள் பட்டறையில் அன்றைக்கு எல்லாருக்கும் வர்க்கி.

எல்லாரும் என்றால் இரண்டு பேர். நானும் பிரபுவும். குன்னூர்க்காரன், என்னோடு படித்தவன், மென்பொருள் அவன் பொறுப்பு. என் வயசுதான் என்றாலும் யாரையும் ங்க போடாமல் பேசமாட்டான். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அதையும் "ஏனுங்க, என்னாச்சுங்க" என்றுதான் கேட்பான்.

கடைசித் துண்டில் பன்னிரண்டு பேர்

இந்தத் தீப்பெட்டி யாருக்காக என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டின் கடைசித் துண்டு காட்டில் போய் முடிகிறது. அங்கே கொழுந்து எடுப்பவர்கள் பன்னிரண்டு பெண்கள். மேலே வாட்சர் கொட்டகையிலிருந்து பார்த்தால் யானை வருவது தெரியும். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. கீழே டவரும் கிடையாது. வாட்சர் கத்துவார். மூடுபனி இறங்கிவிட்டால் அந்தக் கத்தல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி செல்வி. பிளஸ் டூ வரை என் பெஞ்சு. போன வருஷம் ஒரு பனி நாளில் பத்தடி தள்ளி ஒரு பாறை நின்றிருக்கிறது. நேற்று இந்தப் பாறை இங்கே இல்லையே என்று யோசித்திருக்கிறாள். பாறை காதை ஆட்டியிருக்கிறது.

"செருப்பு, சாக்கு, கத்தரி எல்லாம் அங்கயே போட்டுட்டு ஓடினேன்டி" என்றாள் என்னிடம். "மூணு வருஷமா இஞ்சினியர் இஞ்சினியர்னு திரியிறியே, அதுக்கு ஒரு மணியாவது கட்டி விட முடியாதா?"

யானைக்குக் கட்ட முடியாது. ஆளுக்குக் கட்டலாம். வாட்சர் ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே பன்னிரண்டு பேரிடமும் இருக்கும் தீப்பெட்டி அதிரும், அலறும். அவர்கள் அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் 'கேட்டுவிட்டது, கிளம்பிவிட்டோம்' என்று மேலே தெரியும். இதுதான் திட்டம்.

எஸ்டேட் மேனேஜர் நல்லவர். ஆனால் இதற்கு முன் ஆப் ஒன்று, சோலார் விளக்கு ஒன்று என்று நிறையப் பார்த்துவிட்டவர்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க. சனிக்கிழமை நானே கீழ வருவேன். பன்னிரண்டும் அடிக்கணும். இல்லேன்னா பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. வேலை நேரத்துல இவங்களுக்கு இன்னொரு சுமை வேண்டாம்."

பன்னிரண்டு பேரையும் சம்மதிக்க வைத்தது செல்வி. மழைக்காலம் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை தவறினால், இந்த மழை முழுக்க அவர்களுக்கு வாட்சரின் தொண்டை மட்டும்தான்.

மஞ்சள் கோட்டு

திங்கள் காலை அடையாள அட்டை மாதிரி கழுத்து நாடாவில் கோத்துப் பன்னிரண்டையும் கொடுத்தோம். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று மேலே சொல்லும். எங்கள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி வரும்.

பத்து மணிக்குப் பிரபு மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கீழே போனான். பன்னிரண்டும் பச்சை. அவன் மேலே வந்தான். எல்லாம் அணைந்தன. மத்தியானம் மறுபடி போனான். பச்சை. வந்தான். இருட்டு. மூன்று மணிக்கும் அதே.

"பனி நம்மளப் பாத்தா மட்டும் வெலகிக்குதுங்களா?" என்றான் பிரபு.

செவ்வாய் முழுக்கக் காரணம் தேடினோம். பேட்டரியை மாற்றினோம். சில்வர் ஓக் மரங்களைத் திட்டினோம். மேலே இருக்கும் பெரிய ஆன்டெனாவை இன்னும் ஒரு ஆள் உயரம் ஏற்றினோம். பிரபு போனால் பச்சை, வந்தால் இருட்டு. அவனையே அங்கே நட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன்.

புதன்கிழமை நான் கொழுந்து எடுக்கப் போனேன்.

செல்வி தன்னிடம் இருந்த இன்னொரு படங்கை என் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். படங்கு என்பது செடியின் ஈரமும் முள்ளும் படாமல் இடுப்பிலிருந்து கால்வரை கட்டிக்கொள்கிற சாக்கு. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த வார்த்தை. எங்கள் பக்கம் இன்னும் அப்படித்தான். அரைமணியில் அது நனைந்து என் எடையில் பாதி ஆனது.

நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு கழுத்து. ஒன்றிலும் நாடா இல்லை.

"எங்கடி எல்லாம்?"

"இங்கதான்." இடுப்பைத் தட்டினாள் செல்வி. "கழுத்துல தொங்கினா குனியுறப்பெல்லாம் செடியில மாட்டுது. கத்தரியில பட்டா நாடா போச்சு, அப்புறம் நீ அழுவ. பத்திரமாச் சேலைக்குள்ள செருகி, மேல படங்கக் கட்டிட்டோம். விழவே விழாது."

விழாதுதான். எனக்குத்தான் மயக்கம் வந்தது. மனுஷ உடம்பு ஆன்டெனாவைப் பொறுத்தவரை ஒரு உப்புத்தண்ணீர் மூட்டை. அதை ஒட்டி வைத்தால் அலையையும் குடிக்கும், ஆன்டெனாவின் சுருதியையும் கீழே இழுத்துவிடும். முன்னால் உடம்பு, பின்னால் ஊறின சாக்கு. நடுவில் என் எட்டாவது பலகை.

"அப்ப பிரபு வந்தா மட்டும் எப்படி..." என்று நான் ஆரம்பிக்கும்போதே மேல் வளைவில் மஞ்சள் கோட்டு தெரிந்தது.

பன்னிரண்டு வலது கைகள் இடுப்புக்குப் போயின. பன்னிரண்டு தீப்பெட்டிகள் வெளியே வந்தன. எல்லாரும் அதை உள்ளங்கையில் வைத்து மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பிரபு நோட்டில் எழுதிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போனான். பன்னிரண்டும் உள்ளே போயின.

காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் கூப்பிட்டால் அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். எடை போடும் இடத்திலும் அப்படித்தான். என் அம்மாவும் அப்படிக் காட்டி நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரட்டுக் களத்தில் விளையாடி வளர்ந்த எனக்கு இது தோன்றாமல் போனதுதான் கொடுமை.

"அவனுக்கு எதுக்குடி எடுத்துக் காட்டுறீங்க?"

"ஆபீசர் வந்தா காட்ட வேணாமா? மரியாதை தெரியாதவங்களா நாங்க?"

"அவன் ஆபீசர் இல்லடி. பிரபு."

"கோட்டுப் போட்டு நோட்டுல எழுதுறான்ல? அப்ப ஆபீசர்தான்" என்றாள் செல்வி.

கேனின் பெயர் செல்வி

இரண்டரை நாள் இருந்தது. பன்னிரண்டு பேரின் பழக்கத்தை மாற்றுவதா, பன்னிரண்டு ஆன்டெனாவை மாற்றுவதா? ஆன்டெனா எதிர்த்துப் பேசாது. ஆகவே ஆன்டெனா.

உடம்பு சுருதியைக் கீழே இழுக்கிறது. சரி, முதலிலேயே சுருதியை மேலே ஏற்றி வைத்துவிட்டால்? தடத்தை வெட்டிக் குட்டையாக்கினால் சுருதி ஏறும். இடுப்பில் செருகியதும் உடம்பு இழுத்துச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். எதிரியையே வேலைக்கு வைத்துக்கொள்கிற ஏற்பாடு. அலையை உடம்பு ரொம்பக் குடித்துவிடாமல் இருக்க, நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அதற்கு ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைத் துண்டு போடலாம். லேசானது, தண்ணீர் குடிக்காது.

"யாரோட செருப்புங்க?" என்று பிரபு கேட்டபோது கத்தி அவன் செருப்பில் இறங்கியிருந்தது.

எவ்வளவு வெட்டுவது? அதற்கு ஒரு நிஜ இடுப்பு வேண்டும். அன்று வேலை முடிந்து ஐந்து மணிக்குச் செல்வி பட்டறைக்கு வந்தாள். படங்கைக் கட்டி, ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டு நடுவில் நின்றாள். அவள் இடுப்பிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, ஆன்டெனாவை அளக்கும் குட்டிக் கருவியில் முடிந்தது. பிரபு அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து எண்களைப் படித்தான்.

"ஏனுங்க, இன்னும் கீழதாங்க இருக்குது."

எடுத்தேன். பிளேடால் ஒரு மில்லிமீட்டர் வெட்டினேன். செருகினேன்.

"இன்னுங் கொஞ்சம்ங்க."

"ஜாக்கெட்டு தைக்கக் கூட இத்தனை தடவ அளவு குடுத்ததில்ல" என்றாள் செல்வி. "கையெல்லாம் வெறைக்குதுடி. கீழ பேக்கரியில இருந்து ஒரு டீயாவது சொல்லு."

ஏழாவது வெட்டில் பிரபு நாற்காலியோடு திரும்பப் பார்த்து, நினைவு வந்து, மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டான். "வந்துருச்சுங்க. நிறுத்துங்க. தொடாதீங்க."

மீதிப் பதினொன்றுக்கும் செல்வியை நிறுத்தி வைக்க முடியாது. ஒரு தண்ணீர்க் கேனில் உப்புப் போட்டு, மேலே ஈரச் சாக்கைச் சுற்றினோம். கருவி செல்வியிடம் காட்டிய அதே எண்ணைக் கேனிலும் காட்டும்வரை உப்பைக் கூட்டிக் குறைத்தோம். பிறகு பிரபு கேன் மேல் மார்க்கரில் 'செல்வி' என்று எழுதினான்.

மறுநாள் அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை லிட்டர் கேனு இது?"

சனிக்கிழமை

காலையிலிருந்து தூறல். நான் கீழே, பன்னிரண்டு பேரோடு. பிரபு மேலே. கால் மணிக்கு ஒருமுறை அவன் பொத்தானை அழுத்துவதாக ஏற்பாடு.

எட்டே கால். பன்னிரண்டு இடுப்பும் ஒரே நேரத்தில் அலறின. என் பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பொன்னம்மாக்கா பயந்து கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டுவிட்டார். எட்டரைக்கு மறுபடி பன்னிரண்டு. இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். நான் மனசுக்குள் ஏற்கெனவே அடுத்த எஸ்டேட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

எட்டேமுக்கால் ஆகப் போகும்போது மேனேஜர் வந்தார். பனிக்குள்ளிருந்து முதலில் குடை வந்தது. பிறகு தொப்பி. நான் வாயைத் திறப்பதற்குள் பன்னிரண்டு வலது கைகள் இடுப்புக்குப் போய்விட்டன.

தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இடுப்புக்கென்று அளவெடுத்து வெட்டிய பன்னிரண்டு ஆன்டெனாக்கள், வெறும் காற்றில்.

எட்டேமுக்கால். எங்கோ ஒன்று மட்டும் லேசாக முனகியது. மற்றவை கல்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னம்மா? அடிக்கலையே."

"உள்ள வைங்கடி எல்லாரும்" என்றாள் செல்வி. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "தொரை, இது இடுப்புல இருந்தாத்தான் பேசும். இன்னும் கால் மணி நில்லுங்க" என்றாள்.

ஆன்டெனா பற்றி நான் படித்ததையெல்லாம் அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். மேனேஜர் நின்றார். மழை கொஞ்சம் கனத்தது. கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் அவர் பொன்னம்மாக்காவிடம் கை நீட்டி அவருடையதை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். செருப்புத் துண்டை அடையாளம் கண்டுகொண்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"எங்க வைக்கணும்?"

"இடுப்புல, சார். செருப்புப் பக்கம் உடம்போட ஒட்டி."

கோட்டை விலக்கி, பெல்ட்டுக்குள் செருகி, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பெண்கள் அத்தனை பேரும் செடியை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்கள்.

ஒன்பது மணி. மேனேஜர் ஒரு அடி எகிறினார். பதினொரு பேர் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"பன்னெண்டு, தொரை" என்றாள் செல்வி. "உங்களுதையும் சேத்து எண்ணிட்டேன்."

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "இது அடிச்ச உடனே நான் என்ன பண்ணப் போனேன் தெரியுமா? எடுத்துப் பார்க்கப் போனேன். எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. கையில எடுத்ததும் செத்துப்போச்சுன்னா, அவங்க பொத்தானை அழுத்தினது மேல எப்படித் தெரியும்? கிளம்பிட்டாங்களா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் சொன்னது சரி.

"மழை முடியறவரைக்கும் இவங்ககிட்டயே இருக்கட்டும். அதுக்குள்ள கையிலயும் பேச வைங்க."

குடை பனிக்குள் போனது. செல்வி கத்தரியை எடுத்துக்கொண்டாள். "பாஸா, ஃபெயிலா?"

"பாஸ். ஒரு அரியர் இருக்கு."

"அரியர் இல்லாம நீ எப்பப் பாஸ் பண்ணின?" என்றாள்.

ஒன்பதாவது பலகை

ஒரே பலகையில் இரண்டு நீளம் வேண்டும். உடம்பை ஒட்டியிருக்கும்போது குட்டைத் தடம், கைக்கு வந்ததும் மீதி மடிப்பையும் சேர்த்துக்கொண்டு நீண்ட தடம். நடுவில் ஒரு கடுகளவு ஸ்விட்ச் சிப். எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் அதுவே மாறிக்கொள்ள வேண்டும். பிரபு அதற்கான நிரலை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான். அவனைக் கேட்டால், "பார்க்கலாங்க" என்பான். அவன் அகராதியில் அதற்கு 'பாதி முடிந்தது' என்று பொருள்.

ஆனால் இந்த முறை செம்பில் ஒரு கோடு போடுவதற்கு முன்னால், அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், பன்னிரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "இது அடிச்சா உங்க கை முதல்ல என்ன பண்ணும்?"

பதினொரு பேர், எடுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

"நான் காதுல வச்சுக் கேப்பேன்" என்றார் பொன்னம்மாக்கா. "யாரு கூப்பிடுறாங்கன்னு தெரிய வேணாமா?"

ஆக இடுப்பு, கை, காது. மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள். திங்கட்கிழமை காதிலிருந்து ஆரம்பிக்கிறோம்.